பெயரோடு எழுதிய ஜெபக்குறிப்பு

செப்டம்பர் 16, செவ்வாய்

இந்த நோட்டு சபையில் கொடுத்தது. பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் ஆளுக்கு ஒன்று. அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. அதுவரை தினமும் யாரிடம் ஆண்டவரைப் பற்றிச் சொன்னோம், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுத வேண்டும். பண்டிகையன்று அவர்களில் ஒருவரையாவது கையோடு கோயிலுக்கு அழைத்து வர வேண்டும். பிறகு நோட்டுகளை வாங்கிப் படித்து, நன்றாகச் செய்தவருக்குப் பரிசு கொடுப்பார்கள்.

சங்கத்தின் காரியதரிசி எப்சி டீச்சர் நோட்டை என் கையில் கொடுக்கும்போது, "எழுதக் கஷ்டமா இருந்தா மருமவள வச்சு எழுதிக்கிடுங்க பாட்டி" என்றார். எனக்கு அறுபத்தொன்பது. அவருக்கு அறுபத்தைந்து. பாட்டியாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உண்மைதான். ஆனால் வேதப்புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஏழு முறை வாசித்தவள். டீச்சர் எம்.ஏ. அவர் எத்தனை முறை வாசித்தார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாழ்மை வேண்டும் அல்லவா.

இன்று தண்ணீர் கேன் கொண்டுவருபவரிடம் சொன்னேன். மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு, "மொதல்ல இந்த பில்டிங்குக்கு லிப்ட் வர ஜெபம் பண்ணுங்க ஆச்சி, அப்புறம் நான் வாரேன்" என்றார்.

செப்டம்பர் 17, புதன்

மீன்காரியிடம் சொன்னேன். சாளை நன்றாக இருந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொருவராக எழுந்து, பண்டிகைக்கு யாரை அழைத்து வரப்போகிறோம் என்று சொல்லச் சொன்னார்கள். சிலர் வீட்டு வேலைக்காரியைச் சொன்னார்கள். ஒருத்தி, தன் ஆட்டோக்காரர் என்றாள். என் முறை வந்ததும், "எதிர்வீட்டுச் சண்முகக்கனி" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆவியானவர் சொல்ல வைத்தார் என்றுதான் நினைக்கிறேன்.

எப்சி டீச்சர், "செவ்வாய்க்குச் செவ்வாய் அம்மன் கோயில் போறவங்கல்ல அவங்க? பாப்போம், பாப்போம்" என்றார். அந்த இரண்டாவது 'பாப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை.

சண்முகக்கனி ஒன்பது வருடமாக எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறாள். அவள் கதவுக்கும் என் கதவுக்கும் நடுவே ஆறடி. கணவர் உப்பளத்தில் வேலை பார்த்தவர், தவறி ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் வேல்மதி, கண்ணாடிக் கடையில் வேலை. ஆவணியில் அவளுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை கோவில்பட்டி, பெயர் இசக்கிராஜன். கல்யாணம் கார்த்திகையில்.

சண்முகக்கனி என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். குழம்பு மாற்றிக்கொள்வோம். இத்தனை வருடத்தில் அவளிடம் ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை இன்றுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சண்முகக்கனி செருப்புக்கூடப் போடாமல் வந்தாள். கையில் முறுக்கு டப்பா போல ஒன்று.

"பெரியம்மா, மாப்பிள்ளையோட அம்மா வாராவ. பஸ்ஸ விட்டு எறங்கிட்டாவளாம். சொல்லாம கொள்ளாம வந்தா நான் என்ன செய்வேன். இத ரெண்டு மணி நேரம் உங்க வீட்டுல வைங்க."

"என்னட்டி இது?"

கதவை அடைத்துவிட்டுச் சொன்னாள். வேல்மதிக்குப் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு. காலையும் சாயங்காலமும் மாத்திரை, அதுதான் டப்பாவில். நான்கு வருடமாக ஒருமுறைகூட வரவில்லை. டாக்டர் தாராளமாகக் கல்யாணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

"சொல்லணும்னுதான் இருக்கேன். எப்படிச் சொல்லன்னு தெரியல. இது எனக்கும் என் நாத்தனா கோமதிக்கும் மட்டுந்தான் தெரியும். இப்ப உங்களுக்கு. நீங்க எனக்குப் பெத்த தாய் மாதிரி."

டப்பாவை என் ஜெப அறையில், வேதப்புத்தகத்துக்குப் பின்னால் வைத்தேன். அவள் கையைப் பிடித்து, "ஆண்டவரால ஆகாதது ஒண்ணுமில்ல கனி" என்றேன். அழுதாள். ஒன்பது வருடமாகத் திறக்காத கதவு இன்று திறந்தது. ஸ்தோத்திரம்.

செப்டம்பர் 26, வெள்ளி

எங்கள் சங்கத்தில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுப்பது வழக்கம். தேவையை ஒரு சீட்டில் எழுதி மேசையில் வைத்தால் டீச்சர் வாசிப்பார், எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம். மொட்டையாக 'ஒரு சகோதரிக்காக' என்று எழுதினால் டீச்சருக்குப் பிடிக்காது. பெயர், ஊர், தேவை மூன்றும் இருந்தால்தான் ஜெபிக்கிறவர்களுக்குப் பாரம் வரும் என்பார்.

நான் நன்றாகவே எழுதினேன். 'எதிர்வீட்டுச் சண்முகக்கனியின் மகள் வேல்மதி, வயது 24. பத்து வருடமாக வலிப்பு. அதிலிருந்து பூரண விடுதலை. கோவில்பட்டி இசக்கிராஜனுடன் கார்த்திகையில் திருமணம், தடையின்றி நடக்க. இதன் மூலம் தாயார் ஆண்டவரை அறிய.' கீழே என் பெயர்.

டீச்சர் வாசித்தபோது பதினெட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி "ஐயோ பாவம்" என்றாள். இன்னொருத்தி, "உங்ககிட்ட வந்து சொல்லியிருக்காங்கன்னா பாருங்க!" என்றாள். டீச்சரும், "இயேசுவடியாள் அம்மா உண்மையிலேயே வேலை செய்யிறாங்க" என்று சொன்னார். பாட்டி போய் அம்மா ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து மருமகள் பியூலாவிடம் சொன்னேன். தோசை திருப்பிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"பேரோடயா எழுதிக் குடுத்திய அத்த?"

"பேரில்லாம ஆண்டவருக்கு எப்படித் தெரியும்?"

"ஆண்டவருக்குத் தெரியும். மத்த பதினெட்டுப் பேருக்கு எதுக்கு?"

பியூலா நல்ல பிள்ளைதான். விசுவாசம் கொஞ்சம் குறைவு. என் மகன் கப்பலில் இருக்கிறான், வீட்டில் நாங்கள் இருவரும்தான். அதனால் நான் வாயாடவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

பேரன் ஜெபசிங் பெங்களூரிலிருந்து போன் செய்தான். சம்பளம் கூட்டியிருக்கிறார்களாம். அவனுக்குப் பெண் பார்க்கிறோம். படித்த, லட்சணமான, எந்தக் குறையும் சொல்ல முடியாத பிள்ளையாகப் பார்க்கச் சொல்லி இருக்கிறேன். அவனுக்கு என்ன குறைச்சல்?

அக்டோபர் 6, திங்கள்

மாலை ஐந்து மணிக்கு எதிர்வீட்டில் ஏதோ விழுந்து உடைகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சண்முகக்கனி தரையில் இருந்தாள். பக்கத்தில் செல்போன்.

கோவில்பட்டியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா சொர்ணத்தாய் பேசியிருக்கிறாள். "உன் மவளுக்குக் காக்கா வலிப்பாமே, ஊரெல்லாம் தெரியுது, எனக்கு மட்டும் தெரியல. சீக்குக்காரப் பிள்ளைய என் மவன் தலையில கட்டப் பாத்தியா?" என்று கேட்டாளாம். பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.

"ஆரு சொல்லியிருப்பா பெரியம்மா? ஆரு?"

கீழே கிடந்த செல்போனை எடுத்து வைத்தேன். அவளே சொன்னாள்: "கோமதிதான். அவளத் தவிர ஆருக்குத் தெரியும்? நகை எடுக்கப் போகையில அவளக் கூப்பிடலன்னு கோவமா இருந்தா. நாசமாப் போறவ, தூக்கி வளத்த பிள்ளைக்கே குழி வெட்டிட்டாளே."

காபி போட்டுக் கொடுத்தேன். ஜெபம் செய்தேன். அவளும் கண்ணை மூடினாள்.

கோவில்பட்டிக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ வழி இருக்கும். கோமதி சொல்லியும் இருக்கலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

மழைத் தூறல். இன்று யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 8, புதன்

முருங்கைக் கீரை உருவினேன். இரண்டு கட்டு.

அக்டோபர் 10, வெள்ளி

சண்முகக்கனி காலையிலேயே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"பெரியம்மா, நான் நம்பின சாமியெல்லாம் என்னக் கைவிட்டுட்டு. மனுசரும் அப்படித்தான். நீங்க ஒருத்திதான் எனக்காக நிக்கிய. உங்க கோயில்ல ஏதோ பண்டிகைன்னு சொன்னியளே, நானும் வாரேன். உங்க சாமி என் பிள்ளைக்கு வழி காட்டட்டும்."

இப்படி அவள் வாயால் கேட்கத்தானே இத்தனை நாளும் காத்திருந்தேன். ஆண்டவர் எப்படியெல்லாம் வேலை செய்கிறார்!

உபவாச ஜெபத்தில் அறிவித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்து, "பரிசு இந்தத் தடவ உங்களுக்குத்தான்" என்று காதில் சொன்னார்.

திரும்பி வரும்போது படி ஏற முடியவில்லை. இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை குறைந்திருக்கும்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று கோமதி வந்தாள். ஒல்லியான பெண். கல்யாணமே செய்துகொள்ளாமல் அண்ணன் பிள்ளையை வளர்த்தவள். அரை மணி நேரம் கதவைத் தட்டினாள்.

"மதினி, கதவத் தொற மதினி. என் அண்ணன் மேல சத்தியமா நான் சொல்லல. என் பிள்ளைக்கு நான் செய்வனா?"

உள்ளேயிருந்து சண்முகக்கனி, "என் அண்ணன் என் அண்ணன்னு சொல்லிச் சொல்லியே என் குடியக் கெடுத்துட்டியே, இங்கருந்து போட்டி" என்று கத்தினாள்.

கோமதி படியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் செம்பை வாங்கினாள். "நீங்களாவது மதினிகிட்ட எடுத்துச் சொல்லுங்கம்மா. உங்க பேச்சக் கேப்பாவ. நீங்க பொய் சொல்லமாட்டியன்னு இந்தக் காலனிக்கே தெரியும்" என்றாள்.

செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இதற்கு அடுத்த பக்கம் கிழிந்திருக்கிறது. மை கொட்டிவிட்டது.

அக்டோபர் 15, புதன்

பியூலா தன் செல்போனை என் முன்னால் வைத்தாள். "பாருங்க" என்றாள்.

சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பது எனக்குத் தெரியும். டீச்சர் அதில் ஜெபக்குறிப்புகளைப் போடுவார் என்பதும் தெரியும். என் சீட்டையே போட்டோ எடுத்துப் போட்டிருப்பார் என்பது தெரியாது. என் கையெழுத்து. என் பெயர். வேல்மதி என்பதில் ல்-க்குப் புள்ளி கொஞ்சம் பெரிதாக விழுந்திருந்தது, அதுவும் அப்படியே இருந்தது.

"இது நம்ம குரூப்புல வந்ததில்ல. எங்கூட வேல பாக்குற அக்கா அனுப்பினது. அவுகளுக்குக் கோவில்பட்டியில இருந்து அவுக தங்கச்சி அனுப்பியிருக்கா. ஊர் ஊரா ஜெபிக்காங்களாம்."

"இத அழிக்க முடியாதா?"

"நம்ம போன்ல அழிக்கலாம்."

பியூலா செல்போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கும் பதிலுக்குப் பேச இடம் கிடைத்திருக்கும்.

அக்டோபர் 16, வியாழன்

எப்சி டீச்சர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிடம் வெளிறியது. பிறகு எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நாம நல்ல நோக்கத்துலதான செஞ்சோம். நாலு பேர் ஜெபிக்கணும்னுதான போட்டேன். இப்படி ஆகும்னு நானா கண்டேன்?"

"அவகிட்ட நான் போயிச் சொல்லிரட்டுமா டீச்சர்?"

"கொஞ்சம் யோசிங்கம்மா. அவங்க இப்பதான் ஆண்டவர் பக்கம் திரும்புறாங்க. போய்ச் சொன்னா என்ன ஆகும்? நம்ம மேல கோவப்பட்டு அவரையும் விட்டுருவாங்க. ஒரு ஆத்துமா போயிரும். அது தேவையா? ஆண்டவர் தீமையையும் நன்மையா மாத்துவார். பண்டிகை முடியட்டும்."

பத்து நாளாக நான் எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தது வார்த்தை மாறாமல் இதுதான். என் வாயில் இருந்தவரை விசுவாசம் போல இருந்தது. அவர் வாயில் கேட்டபோது கூசியது.

டீச்சர் கொடுத்த கேக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

காலனி முழுக்க வெடிச்சத்தம். எதிர்வீட்டில் சத்தமில்லை. வருடா வருடம் கோமதி வந்து அதிரசம் சுடுவாள், அந்த வாசனையில்தான் எங்கள் வீட்டில் விடியும். இந்த வருடம் கடையில் வாங்கிய லட்டைத் தட்டில் வைத்து வேல்மதி கொண்டுவந்தாள். பழைய சுடிதார்.

"எம்மா தூங்குதா" என்றாள். பிறகு போகாமல் நின்றாள்.

"ஆச்சி, கோமதி அத்த சொல்லியிருக்காது. எனக்கு மொத மொத வந்தப்போ என் நாக்கு பல்லுக்கு நடுவுல மாட்டிக்கிடுமோன்னு தெரியாத்தனமாத் தன் வெரலக் குடுத்துட்டு. இன்னும் தழும்பு இருக்கு. அது போயி ஊருக்குச் சொல்லுமா? எம்மாட்ட எத்தனயோ தடவ சொல்லிப் பாத்துட்டேன். நேத்து அத்த போன் பண்ணி, நான் இருக்கதுனாலதான கல்யாணம் நிக்கிதுன்னு மதினி நெனக்காவ, நான் ஊர விட்டே போயிருதேன், நீ நல்லா இருன்னு சொல்லுது."

"நீ என்ன சொன்ன?"

"அழுதேன். வேற என்ன சொல்ல?"

லட்டு வாயில் வைத்தேன். மீதியைத் தட்டிலேயே வைத்து மூடினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி. சண்முகக்கனி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க பெரியம்மா, ஞாயித்துக்கெழம உங்க கோயிலுக்கு எந்தச் சேல கட்டட்டும்? வெள்ளதான் கட்டணுமா?" என்று கேட்டாள். பதினைந்து நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று.

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"கோமதி சொல்லல கனி. நாந்தான். சபையில ஜெபத்துக்குன்னு பேரோட எழுதிக் குடுத்தேன். அது போன்ல ஏறி கோவில்பட்டிக்குப் போயிட்டு. நீ அழுத அன்னைக்கே எனக்குச் சந்தேகம். தெரிஞ்சும் ஒரு வாரமாச்சி. வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

பியூலாவிடமிருந்து வாங்கிப்போன செல்போனைக் காட்டினேன். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"இதுல, தாயார் ஆண்டவர அறியன்னு போட்டிருக்கு. நாந்தான அந்தத் தாயார்?"

"ஆமா."

"என்ன உங்க கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக என் பிள்ளயோட சீக்கத் தூக்கிக்கிட்டுப் போனியளா?"

"அப்படி நெனச்சிச் செய்யல கனி..."

"நீங்க ஒரு வார்த்த வாங்கன்னு கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பனே பெரியம்மா. ஒம்பது வருசமா உங்க வீட்டுக் குழம்பச் சாப்பிடுதேன். ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே."

அவள் கத்துவாள், தலைமயிரைப் பிடித்து இழுப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். இதை நான் நினைக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவை மெதுவாகத்தான் அடைத்தாள்.

அக்டோபர் 22, புதன்

மதியம் கோமதி வந்தாள். இன்று தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. உள்ளே இரண்டு பெண்கள் அழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. என் கதவை யாரும் தட்டவில்லை. தட்ட வேண்டியதும் இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

உபவாச ஜெபத்தில் எழுந்து, "சண்முகக்கனி வரமாட்டா. அவ சொன்ன ரகசியத்த இங்க எழுதிக் குடுத்து அவ மவ கல்யாணத்த நான் நிறுத்திட்டேன்" என்றேன். எத்தனை பேர் அந்தப் படத்தை யாருக்கெல்லாம் அனுப்பினார்களோ, எல்லாரும் குனிந்து வேதப்புத்தகத்தைப் புரட்டினார்கள். எப்சி டீச்சர் பாட்டு ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 25, சனி

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். சண்முகக்கனி. வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"நாளைக்குக் காலையில நானும் கோமதியும் கோவில்பட்டிக்குப் போறோம். அந்தம்மா முகத்துக்கு நேராப் பேசிட்டு வந்துருதோம். நீங்களும் வரணும். இங்க சொன்னத அங்க வந்து சொல்லுங்க. நாங்க சொன்னா நம்பமாட்டாவ."

"நாளைக்கா?"

"ஏன், உங்களுக்குப் பண்டிகையோ?"

நாளைக்குத்தான் அறுப்பின் பண்டிகை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு பண்டிகையும் நான் தவறவிட்டதில்லை. பிரசவித்து இருபதாவது நாள்கூடப் போயிருக்கிறேன்.

"எத்தன மணி பஸ்ஸு?" என்று கேட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஏழரை மணி பஸ்ஸில் போனோம். அந்த நேரத்துக்குக் கோயிலில் முதல் மணி அடித்திருப்பார்கள். ஆளுக்கொரு வாழைத்தாரும் பூசணிக்காயுமாய்ப் போவார்கள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். சண்முகக்கனியும் கோமதியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

சொர்ணத்தாய் வீடு காரை வீடு, முன்னால் வேப்பமரம். அவள் என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டையான குரல். மாப்பிள்ளை இசக்கிராஜன் அடுக்களை வாசலில் சாய்ந்து நின்றான். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுக்கவில்லை.

சண்முகக்கனி, "மறைச்சது தப்புதான் மதினி. சொல்லத் தைரியமில்ல" என்று ஆரம்பித்தாள்.

சொர்ணத்தாய் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் என்னைப் பார்த்தாள். "இவுக ஆரு?"

"எதிர்வீட்டுக்காரி. பேரு இயேசுவடியாள். பிள்ளைக்கு வலிப்புன்னு சபையில எழுதிக் குடுத்தது நாந்தான். என்ன நம்பிச் சொன்னத நாலு பேர் முன்னால எடுத்து வச்சேன். இவுக மறைச்சதுக்கு நீங்க கோவப்படலாம், அது உங்க பாத்தியம். வெளிய சொல்லுததுக்கு எனக்குப் பாத்தியமே கிடையாது. உங்களுக்கு இந்தப் பிள்ளையோட சமாச்சாரம் இவுக வாயால வந்திருக்கணும். என்னாலதான் வரல."

"எழுதிக் குடுத்து என்ன ஆவப்போவுதுன்னு எழுதினிய?"

"நான் பெரிய ஆளுன்னு நாலு பேர் நெனைக்கட்டும்னு" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. இந்த நோட்டில்கூட நான் அதை எழுதியதில்லை.

சொர்ணத்தாய் வெற்றிலையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "உங்களுக்குப் பேரன் உண்டுமா?"

"ஒருத்தன் உண்டு. இன்ஜினியர்."

"கல்யாணம் ஆயிட்டா?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்."

"அப்போ சொல்லுங்க. இந்தப் பிள்ளைய உங்க பேரனுக்கு எடுப்பியளா?"

அடுக்களைப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. சண்முகக்கனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் பார்த்தாள்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. நாங்க வேதக்காரங்கம்மா, எங்களுக்குள்ளதான் எடுப்போம். நல்ல பதில். பொய்யும் இல்லை. யாரும் மறுத்து ஒன்றும் கேட்க முடியாது. உதடு வரை வந்துவிட்டது. நாற்பது நாளும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அதே பெயருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன் என்று அப்போது தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எடுத்திருக்க மாட்டேன்" என்றேன்.

கோமதி மூச்சை உள்ளே இழுத்தாள்.

"வேதம் ஒண்ணா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். வலிப்புன்னு காதுல விழுந்த அன்னைக்கே ஓடியிருப்பேன். ஒரு குறையும் இல்லாத பிள்ளையாப் பாருங்கன்னு பத்துப் பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஆனா ஒண்ணும்மா. இந்தப் பிள்ளைய ஒம்பது வருசமாப் பாக்கேன். ஒம்பது மணிக்கு வேலைக்குப் போவும், ஏழு மணிக்கு வரும். எங்க வீட்டு காஸ் சிலிண்டரக்கூடத் தூக்கி வச்சிட்டுப் போயிருக்கு. அது சீக்குன்னு அதோட தாய் வந்து சொல்லுத வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் ஓடியிருப்பேன்னா அது என் குறை. அந்தப் பிள்ளைட்ட இருந்து வந்ததில்ல."

சொர்ணத்தாய் வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் இழுத்தாள். பிறகு, "இவுக ஒருத்தியாவது உள்ளதச் சொல்லுதாவ" என்றாள். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

அடுக்களை வாசலிலிருந்து மாப்பிள்ளை, "எம்மா, எனக்குத் தெரியும்" என்றான். "நிச்சயம் முடிஞ்ச மறுநாளே அந்தப் பிள்ள போன்ல சொல்லிட்டு. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்கன்னுச்சு. நாந்தான் உங்கிட்ட மெதுவாச் சொல்லலாம்னு வச்சிருந்தேன், நீ கோவத்துல கத்துனப்போ சொல்லப் பயந்துட்டேன்."

"உனக்கும் தெரியுமா? அட சண்டாளா. வீட்டுல, தெருவுல, கோயில்ல எல்லாருக்கும் தெரியும், பெத்தவளுக்கு மட்டும் தெரியாது!" வெற்றிலைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். உள்ளே போனாள். வெளியே வந்தாள். "மாத்திர எத்தன வேள?"

"ரெண்டு வேள மதினி" என்றாள் சண்முகக்கனி.

"அந்த டாக்டர நான் பாக்கணும். பிள்ளப்பேறு எல்லாம் கேக்கணும். என் காதால கேக்கணும், எவ வாயாலயும் வேண்டாம். அதுக்கப்புறந்தான் நான் எதுவும் சொல்லுவேன். வெள்ளிக்கெழம வாரேன்."

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் போகும்போது மோர் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு. கோமதி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். சண்முகக்கனி எனக்குப் பக்கத்தில்.

"உங்க மேல இன்னும் எனக்கு ஆறல பெரியம்மா."

"ஆறாதுட்டி. எப்படி ஆறும்?"

எட்டயபுரம் தாண்டிய பிறகு கேட்டாள்: "அந்தச் சீட்டுல எழுதினியளே, என் மவளுக்காக. எழுதினதோட சரியா? இல்ல, வீட்டுல தனியா இருந்து கேட்டியளா?"

யோசித்துப் பார்த்தேன். டீச்சர் வாசித்தார். பதினெட்டுப் பேர் ஆமென் சொன்னார்கள். சண்முகக்கனி கோயிலுக்கு வர வேண்டும் என்று தினமும் முழங்கால் போட்டிருக்கிறேன். டீச்சர் முன்னால் நான் வெட்கப்பட்டுப் போகக்கூடாது என்று கேட்டிருக்கிறேன். அகப்பட்டுவிடக்கூடாது என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

"இல்லட்டி" என்றேன். "ஒரு நாளும் கேக்கல."

அவள் கோபப்படவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

"இப்ப கேளுங்க" என்றாள். "சத்தமா வேண்டாம். பஸ்ஸுல ஆள் இருக்கு."

கண்ணை மூடினேன். சபை நடுவில் நின்று அரை மணி நேரம் நிறுத்தாமல் ஜெபிக்கிறவள் நான். ஒரு வாக்கியம் வரவில்லை. வேல்மதி, வேல்மதி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தேன். பக்கத்தில் அவளும் கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

யாரிடம் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.